கணவனும் மனைவியுமாக மலை நடை: கொங்குச் சீமைத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ எந்தப் பக்கம் கிளம்பினாலும் சித்த நேரத்தில் ஒரு மலை கண்ணில் பட்டுவிடும். மேற்கே ஆனைமலையும் நீலகிரியும், வடக்கே திம்பமும் பர்கூரும், கிழக்கே சேர்வராயனும் கொல்லிமலையும். இத்தனை மலை சுற்றி நின்றும் நம் ஆட்கள் மலைக்குப் போகும் விதம் ஒன்றுதான். கார், கொண்டை ஊசி வளைவு, வாந்தி, காட்சிமுனையில் நாலு போட்டோ, மிளகாய் பஜ்ஜி, டீ, திரும்பக் கார். வீடு வந்து சேரும்போது கழுத்து வலிதான் மிச்சம்.

நடந்து பார்க்கலாமே என்று நினைக்கும் கிறிஸ்தவத் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வயதிலும் செய்யலாம், அறுபதிலும் செய்யலாம். ஆண்டவருக்கு நன்றி சொல்வதுதான் நோக்கம் என்றாலும், நடை, நேரம், சாப்பாடு என்றுதான் முதலில் பேசப்போகிறேன். மூச்சு முட்டி, முட்டி வலித்து, ஒருவர்மேல் ஒருவர் எரிச்சலில் இருக்கும்போது யாருக்கும் ஸ்தோத்திரம் வராது. மெதுவாக நடந்தால்தான் கண்ணில் நாலு விஷயம் படும், கண்ணில் பட்டதற்குத்தான் உருப்படியாக நன்றி சொல்ல முடியும். நான் சொல்ல வருவது மொத்தமும் இவ்வளவுதான்.

முதல் படி: மெதுவாக நடப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

இருவரில் ஒருவர் வேகமாகத்தான் நடப்பார். பெரும்பாலும் ஆண், ஆனால் எப்போதும் அப்படியில்லை. தினமும் தறிக்கூடத்திலும் தோட்டத்திலும் நின்று வேலை பார்க்கும் மனைவி, கடையில் உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கும் கணவனைவிட நன்றாக ஏறுவார். யார் மெதுவோ அவரை வைத்துத்தான் பாதை, நேரம், திரும்பும் இடம் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். இதை வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் வைத்துப் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

நேரக் கணக்கு இப்படி: சமதளமாக இருந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி நேரம். பழக்கமில்லாதவர்கள் இதை ஒன்றரை மடங்காக்கி மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நின்று பார்ப்பதற்கும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் அதற்குமேல் தனியாக ஒரு மணி நேரம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், முட்டித் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஏறும் நாளில் அளவை எப்படி வைத்துக்கொள்வது என்று குறிப்பாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

மலைக்கு முன்னால் ஒரு மாதமாவது உள்ளூரில் நடங்கள். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏரிக்கரை, வாய்க்கால் கரை, பக்கத்துக் கரடு. சமதள நடை மட்டும் போதாது, மாடிப்படி ஏறி இறங்கியே ஆக வேண்டும். இறங்குவதற்கான பலம் தொடையில் தனியாக வர வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் படி: பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவைக்கு என் முதல் ஓட்டு கோத்தகிரிக்குத்தான். ஊட்டி, குன்னூர் அளவுக்குக் கூட்டம் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக பஸ் இருக்கிறது. கோடையில் கோவை வேகும்போது அங்கே நன்றாகவே குளிர்ச்சியாக இருக்கும். ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. ஏறக்குறைய 116 ஹெக்டேர் பரப்பில், சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் வந்த பிறகும் தப்பிப் பிழைத்து நிற்கும் பழைய சோலைக்காடு. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதுதான். உள்ளே போனதும் வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிடும். மரங்கள் ரொம்ப உயரமில்லை, கிளைகள் முறுக்கிக்கொண்டு, பட்டையெல்லாம் பாசி மூடிக் கிடக்கும். நீலகிரியைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாத சிரிப்பான் குருவியின் சத்தத்தை இங்கே கேட்கலாம். யாரோ நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருக்கும். ஏற்றம் அதிகமில்லை, முட்டி வலிக்காரர்களும் சமாளிக்கலாம்.

கோத்தகிரியில் கேத்தரின் அருவியும் இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்து ஏற்காட்டில் காப்பி பயிரிட்ட காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரின் மனைவி பெயர் கேத்தரின். அவர் பெயரைத்தான் அருவிக்கு வைத்தார்கள். நம் ஊரில் மனைவி பெயரை வீட்டுக்கு வைக்கிறவர்கள் உண்டு, காக்பர்ன் குடும்பத்துக்கு ஒரு அருவியே கிடைத்துவிட்டது.

பொள்ளாச்சி பக்கத்தவர்களுக்கு ஆழியாறு கால்வாய்க்கரைப் பாதை இருக்கிறது, டாப்சிலிப்பில் பண்டாரவரைப் பாதை இருக்கிறது. முன்னது லேசானது, பின்னது புலிகள் காப்பகத்துக்குள் போவது. சேலத்துக்காரர்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் வரை சேர்வராயன் சரிவில் ஏறலாம், ஆனால் அது உண்மையான ஏற்றம். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

வெள்ளியங்கிரி சிவபக்தர்கள் விரதம் இருந்து ஏறும் மலை. அதை நடைப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை.

இனி கொல்லிமலை. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வரை சமவெளி, அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் என்றால் பஸ்ஸில் முன் சீட்டு, வெறும் வயிறு வேண்டாம், கையில் ஒரு எலுமிச்சம்பழம். மேலே செம்மேட்டில் இறங்கினால் மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், காப்பி, பலா, சாமை வயல்கள் என்று மேலேயே ஒரு நாடு விரிந்து கிடக்கும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், முதலில் இறக்கம், அப்புறம்தான் ஏற்றம். போகும்போது சிரித்துக்கொண்டே போய்விடலாம், குளித்து ஈரத்தோடு திரும்பி ஏறும்போதுதான் தெரியும். இறங்க ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நீர் வரத்து கூடினால் அருவிக்கு விடமாட்டார்கள். அப்போது வாதாடாமல் திரும்பிவிடுங்கள். கோயில் வழியாகப் போகிறோம் என்பதால் உடை, பேச்சு எல்லாவற்றிலும் மரியாதை வேண்டும். அங்கே நின்று கைப்பிரதி கொடுக்கும் வேலை வேண்டாம்.

கொல்லிமலையில் கிறிஸ்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தம்பதி இருக்கிறார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகள். ரோடு இல்லாத காலத்தில் நடந்தும் குதிரையிலும் டோலியிலும் இந்த மலையில் ஏறி, வாழவந்தியில் குடியிருந்து, மலைவாழ் மக்களுக்கு மருத்துவமும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்தவர்கள். 1914-ல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால் பிராண்ட்தான் பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். 1929-ல் ஜெஸ்ஸி மலேரியாவோடு வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான், 14 வயது. தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா இறப்பதற்கு முன் எழுதிக் கப்பலில் வந்த கடிதம் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

அந்தக் கடிதத்தில் ஜெஸ்ஸி எழுதியிருந்தது மலைப் பயணத்தைப் பற்றித்தான். தனியாகக் குதிரையில் மலைமேல் நெடுந்தூரம் போகும்போது மரத்தின் வாசம், பழுப்பு மண், பாறைமேல் படர்ந்த கல்பாசி, பள்ளத்தில் குவிந்த சருகு எல்லாம் எத்தனை பிடிக்கிறது என்று எழுதுகிறார். இதை ரசிக்கத் தாவர சாஸ்திரம், விலங்கு சாஸ்திரம் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்கிறார். கவனி, நினைவில் வை, ஒப்பிட்டுப் பார், இப்படியொரு அருமையான இடத்தில் உன்னை வைத்ததற்காக நன்றியோடு கடவுளை நோக்கிக்கொண்டே இரு. இதுதான் மகனுக்குச் சொன்ன புத்தி.

ஈவ்லின் அதோடு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. எழுபது வயதை ஒட்டி மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே வந்து, மட்டக் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். 1974-ல் 95 வயதில் இறந்தபோது கொல்லிமலையில் கணவன் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். தம்பதியாக மலைக்குப் போகிறவர்கள் வாழவந்திக்கும் ஒரு நடை போய் வரலாம்.

மூன்றாம் படி: அனுமதி, பருவம்

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பது சட்டப்படி குற்றம். அது வெறும் சட்டப் பேச்சு இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களோடு ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன.

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்து, பணம் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். லாங்வுட் சோலை, ஆழியாறு கால்வாய்க்கரை, குண்டூர் எல்லாம் அதில் வருகின்றன. காட்டுத்தீ பருவத்தில் மூடிவிடுவார்கள், அதனால் நாள் குறிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகாய கங்கை மாதிரி எல்லோரும் போகும் படிக்கட்டுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

நீலகிரிக்குள் சொந்த வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்துக்குள் கூடாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை எங்கேயும் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையிலும் நீலகிரியின் மேற்குப் பக்கத்திலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கு ஓரத்தில் இருக்கும் கோத்தகிரிக்கு அவ்வளவு வராது. அக்டோபர், நவம்பரில் அது தலைகீழாகிவிடும், வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் சேர்வராயனையும் கொல்லிமலையையும்தான் பிடிக்கும். மே மாதத்தில் எல்லா மலையிலும் ஊரே ஏறி நிற்கும். கிறிஸ்துமஸ் வாரமும் அப்படித்தான்.

நான்காம் படி: எடுத்துப் போவது

இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் பட்டியல் நீளம், தேவைப்படுவது கொஞ்சம்தான். பிடிப்புள்ள ஷூ, புதிதாக இருக்கக் கூடாது. நூல் சாக்ஸ் நனைந்தால் கொப்புளம் போடும், அதனால் விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை இழை சாக்ஸ். கால் நகத்தை முன்தினமே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். மழைக்கோட்டு, டார்ச், விசில், ஒரு பேண்டேஜ் சுருள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வழக்கமான மாத்திரைகள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சென்ட் அடிக்க வேண்டாம், மலைத்தேனீக்கு அது பிடிக்காது. மழைக்காலத்தில் அட்டைக்குக் கொஞ்சம் உப்போ மூக்குப்பொடியோ துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், உப்பு பட்டால் தானாக விட்டுவிடும்.

சாப்பாட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கட்டுச்சோறு கட்டும் பழக்கத்தை நாம் கல்யாண வீட்டோடு விட்டுவிட்டோம், மலைக்கு அதைவிட நல்லது கிடையாது. விடியால எழுந்து புளிச்சோறு கிளறி, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, வாழையிலையை அனலில் வாட்டி, அதில் வைத்து இறுக்கக் கட்டினால் மதியம் வரை கெடாது. அவிழ்க்கும்போது வரும் அந்த இலை வாசத்துக்கே பாதி களைப்பு போய்விடும். பொடி தடவிய இட்லியும் நன்றாக இருக்கும். வழியில் கொறிக்க வறுத்த நிலக்கடலையும் வெல்லமும். சமைப்பதும் கட்டுவதும் இருவருமாகச் செய்யுங்கள். மனைவி நாலு மணிக்கு எழுந்து சமைத்து, கணவன் ஆறு மணிக்கு எழுந்து "கெளம்பலாமா" என்று கேட்டால், அந்த அம்மா மலையில் எதற்கு நன்றி சொல்வார்?

ஐந்தாம் படி: நடக்கத் தொடங்குவது

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தொடங்குங்கள், பொழுது சாய ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். யானை, கரடி, காட்டு மாடு எல்லாம் அதிகம் நடமாடுவது விடியும் முன்னும் இருட்டும் நேரத்திலும்தான். கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டு மாடு நிற்பது சகஜம். பார்க்கச் சாதுவாக இருக்கும். பக்கத்தில் போகாதீர்கள், போட்டோவுக்காகக் கூப்பிடாதீர்கள், சுற்றி வழி இல்லையென்றால் அது போகும் வரை காத்திருங்கள்.

கிளம்பும் முன் ஜெபம் ஒரு நிமிடம் போதும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று தொடங்கும் 121-ம் சங்கீதத்தை இருவரும் ஆளுக்கொரு வசனமாகச் சொல்லிக் கிளம்பலாம். எட்டு வசனம்தான். எருசலேமுக்கு மலை ஏறிப் போனவர்கள் பாடிய ஆரோகண சங்கீதங்களில் ஒன்று அது. நடப்பவர்களுக்கென்றே அமைந்த பாட்டு. காலைத் தள்ளாடவிடமாட்டார் என்ற வரியை ஈரப் படிக்கட்டில் நின்று சொல்லும்போது அதன் அர்த்தமே வேறு.

ஏறும்போது மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வேகமானவர் முன்னால் போனால் என்ன நடக்கும்? அவர் ஐம்பது அடி போய் நிற்பார், ஓய்வெடுப்பார். பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் "போலாமா" என்பார். ஒருவருக்கு ஓய்வே கிடைக்காது, அடுத்தவருக்கு நடையே கிடைக்காது. மெதுவானவர் "ஏனுங்க, சித்த நில்லுங்க" என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், அவர் நின்றால் இருவரும் நிற்பது என்று ஆகிவிட வேண்டும்.

பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஆனால் எல்லா நேரமும் நாயம் பேச வேண்டாம். வழியில் ஒரு கால் மணி நேரம் இருவரும் பேசாமல் நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பீஸ், தறி வாடகை, மாமியார் உடம்பு எல்லாம் அந்த நேரத்துக்குக் கீழேயே இருக்கட்டும். போனை ஒருவர் மட்டும் வைத்திருங்கள், அதுவும் அவசரத்துக்கு. சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய உண்டு. போகும் இடமும் திரும்பும் நேரமும் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 108.

ஆறாம் படி: பார்த்ததற்கு நன்றி

ஜெஸ்ஸி பிராண்ட் மகனுக்குச் சொன்ன வரிசையைத்தான் நான் பின்பற்றச் சொல்வேன்.

கவனிப்பது என்றால், நின்று பார்ப்பது. பாறையில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கிறதே கல்பாசி, வீட்டில் கறிக்குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுகிறோமே, அந்த இனம்தான். பக்கத்தில் குனிந்து பாருங்கள். ஓரம் சுருண்டு, மேல் பக்கம் வெளிறி, அடிப்பக்கம் கறுத்திருக்கும். அது ஒரே உயிர் இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது. பாசி வெயிலை வைத்து உணவு தயாரிக்கும், பூஞ்சை ஈரத்தைப் பிடித்துவைத்து அதற்கு இடம் கொடுக்கும். இரண்டும் பிரிந்தால் மொட்டைப் பாறையில் பிழைப்பது கஷ்டம். கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நினைவில் வைப்பது இரண்டாவது. ஒரு சின்ன நோட்டு போதும். அன்றைக்குப் பார்த்ததில் ஆளுக்கு மூன்றை எழுதுங்கள். "அழகான காட்சி" என்று எழுதக் கூடாது, என்ன பார்த்தோமோ அதையே எழுத வேண்டும்: படியோரத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகு, கொல்லிமலை சோளக்காட்டுச் சந்தையில் பலாச்சுளை அறுத்துக் கொடுத்த அம்மாவின் கை.

ஒப்பிடுவது மூன்றாவது. தம்பதிகளுக்கு இதில்தான் ருசி இருக்கிறது. ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நடந்த இருவர் எழுதியதைச் சேர்த்துப் பாருங்கள். கணவன் வளைவுகளையும் தூரத்தையும் எழுதியிருப்பார், மனைவி வழியில் பார்த்த முகங்களை எழுதியிருப்பார். இல்லை, நேர்மாறாகவும் இருக்கலாம். பத்து, இருபது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்த பிறகும் பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்று தெரியாமலே இருந்திருப்போம். அடுத்த தடவை போகும்போது, போன வருஷத்து நோட்டையும் எடுத்துப் போங்கள். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று 103-ம் சங்கீதம் சொல்வதில் 'மறவாதே'தான் கஷ்டமான பகுதி. அதற்குத்தான் நோட்டு.

அப்புறம்தான் நன்றி. நம் வீடுகளில் ஸ்தோத்திர பலி சொல்லும் பழக்கம் இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம். மலையில் புத்தகம் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். ஒரு படிக்கு ஒன்று, ஒருவர் மாற்றி ஒருவர், கண்ணால் பார்த்ததை மட்டும். "இந்த நிழலுக்காக ஸ்தோத்திரம்." "இந்த ஊற்றுத் தண்ணிக்காக ஸ்தோத்திரம்." முதல் பத்து சுலபமாக வரும். அதற்கு மேல் தடுமாறும்போதுதான் கண் தேடத் தொடங்கும். இருபதைத் தாண்டியதும் ஒருவரையொருவர் பற்றியே வரத் தொடங்கிவிடும்: "ஆஸ்பத்திரியில் எனக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருந்தீங்களே, அதுக்காக ஸ்தோத்திரம்." நம் ஊர் ஆண்களுக்கு மனைவியைப் பார்த்து நேராக நன்றி சொல்ல வாய் வராது. ஆண்டவரிடம் சொல்வது போல மனைவி காதில் விழச் சொல்லிவிடலாம், அதுவும் கணக்கில் சேரும்.

எல்லா வீட்டிலும் எல்லா வருஷமும் நன்றி ஊறிக்கொண்டிருக்காது. பிள்ளைப் பாக்கியத்துக்காகக் காத்திருப்பவர்கள், தொழில் நொடித்தவர்கள், ஒருவரை மண்ணில் வைத்துவிட்டு வந்தவர்கள் மலைக்கு வருவார்கள். அவர்களிடம் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை எடுத்து வீசுவது எனக்குப் பிடிக்காது. அந்த வசனத்தில் எல்லாவற்றுக்காகவும் என்று பவுல் எழுதவில்லை, அந்தச் சூழலுக்குள் இருந்துகொண்டே என்கிறார். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்தான் ஏராளம். ஆகவே ஒருவர் அழுதால் அடுத்தவர் பக்கத்தில் உட்காரட்டும். அன்றைக்கு நோட்டில் ஒன்றுமே எழுதாமல் வந்தாலும் பரவாயில்லை.

நன்றி மனிதர்களுக்கும் போக வேண்டும். நாம் ஏறும் படிகளை யாரோ கல் சுமந்து போட்டார்கள். வழிகாட்டியாக வரும் பழங்குடி இளைஞர் பெயரைக் கேளுங்கள், நம் கட்டுச்சோற்றில் ஒரு பொட்டலம் அவருக்கும் சேர்த்துக் கட்டுங்கள். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பார்கள், ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும். அதில் சுடச்சுட சூப்பும் கிடைக்கும். மிளகு, காப்பி, சாமை எல்லாம் அங்கேயே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். டவுன் மாலில் விலையைப் பார்க்காமல் வாங்கிவிட்டு மலைக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது கிறிஸ்தவனுக்கு அழகில்லை.

ஏழாம் படி: உச்சியும் இறக்கமும்

மேலே போனதும் முதலில் சட்டை நனைந்திருந்தால் மாற்றுங்கள், காற்றில் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். சாப்பிடுங்கள், கொஞ்சம் உட்காருங்கள். பாட வேண்டும் என்று தோன்றினால் இருவர் காதுக்குக் கேட்கிற மாதிரி பாடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அது கீர்த்தனையாக இருந்தாலும் சரி, காட்டுக்கு அது சத்தம்தான். இடி கேட்டால் உச்சியில் நிற்காதீர்கள், தனி மரத்தடிக்கும் போகாதீர்கள், உடனே இறங்குங்கள். திரும்புவது என்று குறித்த நேரம் வந்துவிட்டால், உச்சி இன்னும் கால் மணி நேரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மேலே இருப்பது எங்கேயும் போகாது.

விபத்துகளும் சண்டைகளும் அதிகம் நடப்பது இறக்கத்தில்தான். களைப்பு, பசி, வீட்டு நினைப்பு மூன்றும் சேர்ந்துகொள்ளும். கிளம்பும் முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வையுங்கள். ஒரு மூங்கில் தடி இருந்தால் முட்டிக்குப் பாரம் கொஞ்சம் குறையும். இறங்கும்போது வலுவானவர் முன்னால் போக வேண்டும். பின்னால் வருபவர் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கும். "ஒருவன் விழுந்தால் அவன் உடனாளி அவனைத் தூக்கிவிடுவான்" என்று பிரசங்கி எழுதியது அப்படியே நடக்கிற இடம் இது. பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல், ஆளைப் பதற்றப்படுத்தாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வேகமாகக் கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கால் வீங்கியிருந்தால் சுவரில் காலைத் தூக்கி வைத்துக் கொஞ்சம் படுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். கொண்டு போன குப்பை எல்லாம் பையில் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாண நாளை ஒட்டி இந்த நடையை வைத்துக்கொள்வது நல்ல யோசனை. அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஸ்தோத்திர காணிக்கை கொடுக்கத்தான் போகிறோம். வழக்கமாக உறைமேல் "திருமண நாள்" என்று மட்டும் எழுதிப் போட்டுவிடுவோம். இந்தத் தடவை உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் நோட்டிலிருந்து இரண்டு வரி எடுத்து எழுதி வையுங்கள். கல்யாண நாள் மே மாதத்தில் வருகிறவர்கள் மட்டும் நடையை ஜூலைக்குத் தள்ளிக் கோத்தகிரிக்குப் போங்கள், கூட்டமும் இருக்காது, மழையும் அளவாகத்தான் இருக்கும்.